மனநல இல்லத்தில் பல வருடமாக இருப்பவர்களின் உடம்பை எப்படிக் கவனிப்பது?

கேள்வி இது: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு மனநல இல்லத்தில் ஒரு பெண் புதிதாகப் பொறுப்பாளராகச் சேர்ந்திருக்கிறார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருக்கிறார்கள், பலர் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள். மனநல மருத்துவர் மாதம் ஒருமுறை வருகிறார், மாத்திரையும் தவறுவதில்லை. ஆனால் மலச்சிக்கல், எடை, காய்ச்சல், சொறி, புரையேறுவது என்று தினம் ஒன்று முளைக்கிறது. எதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அலமாரியில் என்ன மருந்து வைத்திருக்கலாம் என்று கேட்கிறார்.

நான் மனநல மருத்துவர் இல்லை. இந்தக் கடற்கரையில் பொது மருத்துவம் பார்ப்பவள். இப்படிப்பட்ட இல்லங்களுக்கு அடிக்கடி போய்வருகிறேன். அதனால் உங்கள் கேள்வியின் உடம்புப் பக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மனநோய்க்கான மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மனநல மருத்துவரிடம் போனிலாவது கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். "இவருக்கு நோய் முற்றிவிட்டது" என்பது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வர வேண்டிய முடிவு. பெரும்பாலான இடங்களில் அதுதான் முதலில் வருகிறது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையும் விபத்தும் ஒரு பங்குதான். பெரும்பங்கு மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்று என்று நாம் எல்லோருக்கும் வருகிற சாதாரண நோய்கள். அந்த நோய்களை யாரும் நேரத்தோடு பார்க்கவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் இல்லத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தார். கிட்டே போனால் கையை ஓங்கினார். ராத்திரி தூக்கமில்லை, சுவரைப் பார்த்து முனகிக்கொண்டே இருந்தார். ஊசி போட்டால் அடங்குவாரா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எதிரில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சிலை விழுங்கும் ஒவ்வொரு முறையும் இடது கண் சுருங்கியது. நெடுநேரம் பேச்சுக்கொடுத்த பிறகு வாயைத் திறந்தார். டார்ச் அடித்தால் கடைவாய்ப்பல்லுக்குக் கீழே ஈறு புடைத்து சீழ் கோத்திருந்தது. சீழை எடுத்து, பல்லைப் பிடுங்கியதும் இரண்டாம் நாளே கஞ்சி கேட்டார். "பல் வலிக்கிறது" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்லிச் சொல்லி யாரும் கேட்காமல் போய், பல வருடத்துக்கு முன்பே விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் சாப்பிடாமல் இருந்தாலும், புதிதாகக் கோபப்பட்டாலும், தூங்காமல் கிடந்தாலும், படுக்கையை நனைத்தாலும், ஒரே மூலையில் முடங்கிக்கிடந்தாலும் வரிசையாகப் பாருங்கள். காய்ச்சல் இருக்கிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது, சிறுநீர் போகும்போது முகம் சுளிக்கிறாரா, வாயிலும் காதிலும் ஏதாவது இருக்கிறதா, சமீபத்தில் விழுந்தாரா, சுகர் எவ்வளவு, புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது. இதில் விழுவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். தலையில் அடிபட்டு அன்றைக்கு நன்றாக இருந்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட மூளையைச் சுற்றி ரத்தம் கட்டி, கிறக்கமும் தடுமாற்றமும் வரலாம். அதற்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவரால் உட்காரவே முடியவில்லை, காலை மாற்றி மாற்றி வைக்கிறார், வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கிறார் என்றால் நோய் கிளம்பிவிட்டது என்று நினைத்து டோஸைக் கூட்டச் சொல்வார்கள். மனநோய் மாத்திரைகளே இப்படி ஒரு உள்பரபரப்பைக் கொண்டுவரும். அப்போது டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். இந்த வாரம் டோஸ் கூடியதா, புது ஊசி போட்டார்களா என்று தேதியோடு பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, மலச்சிக்கலுக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன். சிறிய தொந்தரவு என்று எல்லோரும் ஒதுக்குவது, ஆனால் உயிரையே எடுக்கக்கூடியது. மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ஓலன்சபின், குளோர்ப்ரோமசின், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் இவை எல்லாமே குடலின் அசைவை மந்தமாக்கும். ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து போகும். குளோசபின் சாப்பிடுபவர்களுக்குக் குடல் அப்படியே நின்றுபோய், அடைத்து, உயிர் போனதும் உண்டு. குளோசபினால் ரத்த வெள்ளை அணு குறைவதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். குடல் நிற்பதற்கும் அதே அளவு பயப்பட வேண்டும்.

கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கட்டும். பெயர், தேதி, போனாரா இல்லையா, அவ்வளவுதான். தானே போய்வருபவரிடம் கேட்டால் எல்லோரும் "போனேன்" என்றுதான் சொல்வார்கள், அதனால் பராமரிக்கும் அக்காவோ அண்ணனோ ஒருவர் பார்த்துக் குறிக்க வேண்டும். மூன்று நாள் ஆகிவிட்டால் காத்திருக்காமல் மருந்து கொடுங்கள். பைசாகோடில், சென்னா, லாக்டுலோஸ் போன்றவற்றில் எதை யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளோசபின் எடுப்பவர்களுக்கு இது தினசரி மருந்தாகவே இருக்கட்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இசப்கோல் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். குடல் அசையாத இடத்தில் அது ஊறிப் பருத்து அடைப்பைக் கூட்டும், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து.

இங்கே அடிக்கடி ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பல நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியும், துணி கறைபடும். பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிற கசிவு அது. அட்டை இருந்தால் இந்தத் தவறு நடக்காது. வயிறு உப்பிக் கெட்டியாகி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் எந்த மருந்தும் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நள்ளிரவாக இருந்தாலும்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கொய்யா, வாழைத்தண்டு, கம்பு, கேழ்வரகு என்று இந்தப் பக்கம் மலிவாகக் கிடைப்பதே போதும். அதைவிட முக்கியம், காலை டீ குடித்த கால் மணி நேரத்தில் கழிப்பறைக்கு அனுப்புவது. முப்பது பேருக்கு இரண்டு கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் யாருக்குத்தான் வெளிக்குப் போகும்? தாழ்ப்பாள் ஆபத்து என்று நினைத்தால், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். முதலில் அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது வெயில், தண்ணீர், உப்பு. இந்த மாவட்டத்துக்கு இது தனியாகவே ஒரு பாடம். மனநோய் மாத்திரைகள் உடம்பின் சூட்டைச் சமன்செய்யும் திறனைக் குறைக்கும். டிரைஹெக்சிபெனிடில் வியர்வையையே குறைக்கும். காற்று ஓய்ந்து புழுங்குகிற நாட்களில் நமக்கே வியர்வை காயாது, அப்போது இவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் யாரையும் படுக்க விடாதீர்கள். குளோர்ப்ரோமசின் எடுப்பவர்களுக்கு வெயில் பட்டாலே தோல் கருகிப்போகும், அவர்களுக்குக் குடையோ துண்டோ கட்டாயம். ஒருவர் அனலாகக் கொதித்து, உளறி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு உடம்பு கட்டை மாதிரி விறைத்துப்போய், வியர்த்து ஊற்றி, ஆள் சுயநினைவில் இல்லை என்றால் அது மாத்திரையாலேயே வருகிற ஓர் ஆபத்தான நிலையாக இருக்கலாம். அடுத்த வேளை மனநோய் மாத்திரையைக் கொடுக்காமல் உடனே கொண்டுபோங்கள், என்னென்ன சாப்பிடுகிறார் என்ற சீட்டும் கையில் இருக்கட்டும்.

மனநிலை ஏறி இறங்காமல் இருக்கக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் யார் யார் என்று உங்கள் எல்லா ஊழியர்களுக்கும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். லித்தியம் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் விஷம். இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இல்லை. பேதி, வாந்தி, அதிக வியர்வை, நோன்பு, திடீரென்று உப்பைக் குறைப்பது இவற்றில் எது நடந்தாலும் உடம்பு லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டு வலிக்கு என்று கடையில் வாங்கிக் கொடுக்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகளும், சில பிரஷர் மாத்திரைகளும் அதையே செய்யும். கை பெரிதாக நடுங்குவது, பேச்சு குழறுவது, குடித்தவர் போலத் தள்ளாடுவது, பேதி இவை சேர்ந்து வந்தால் லித்தியத்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். சாதாரணமாக அளவு பார்க்கும்போது கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும். ரமலானில் நோன்பு பிடிக்க ஆசைப்படுகிற லித்தியக்காரர்கள் உங்களிடம் இருந்தால் மாதம் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு என்பதை ஓர் ஆலிமைக் கொண்டு சொல்ல வைத்தால் அவர் மனமும் நிம்மதிப்படும்.

இதற்கு நேர்மாறாக, சிலர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். நம் பக்கம் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்குகிற ஊர். குடத்தைப் பூட்டி வைத்தால் குளியலறைக் குழாயில் வருகிற உப்புத் தண்ணீரைக் குடிப்பார்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகும். திட்டுவதால் பயனில்லை. காலையிலும் மாலையிலும் எடை பாருங்கள். காலையில் 60 கிலோ இருந்தவர் மாலையில் 63 இருந்தால் அந்த மூன்று கிலோவும் தண்ணீர்தான், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் லித்தியம் எடுப்பவருக்கும் தாகம் அதிகமாக இருக்கும், சுகர் உள்ளவருக்கும் இருக்கும். அவர்களுக்குத் தண்ணீரை மறுக்கவே கூடாது. யாருக்கு எதனால் தாகம் என்று தெரியாமல் குடத்தைப் பூட்டாதீர்கள்.

எடையும் சுகரும் மெதுவாக வருகிற ஆபத்து. ஓலன்சபினும் குளோசபினும் பசியைக் கிளப்பிவிடும், சில மாதத்தில் எடை பத்துக் கிலோ ஏறுவதும் உண்டு. மாதம் ஒருமுறை எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர் மூன்றையும் எழுதுங்கள். நம் ஊர் ஆட்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். புது மாத்திரை ஆரம்பிக்கும்போது ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது சுகரும் கொழுப்பும் பார்க்க வேண்டும். எடை ஏறிக்கொண்டே போனால் மாத்திரையை மாற்ற முடியுமா, சுகருக்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் மருத்துவர்கள் யோசிப்பார்கள், கேட்காவிட்டால் பழைய சீட்டுதான் தொடரும்.

உங்கள் இல்லத்தில் சாப்பாட்டில் பாதி நேர்ச்சையாக வருகிறது என்று எனக்குத் தெரியும். நெய்ச்சோறு, பிரியாணி, லட்டு, கேக். கொடுப்பவர்கள் மனம் நல்ல மனம்தான். ஆனால் வாரத்தில் நான்கு நாள் நெய்ச்சோறு, மிச்ச நாள் வெள்ளைச் சோறும் ரசமும் என்றால் உடம்பு தாங்காது. கொடுக்க வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் ஒரு பட்டியலைக் கொடுங்கள்: முட்டை, பயறு, சுண்டல், கீரை, பழம், சாளை மீன். சாளை கரையில் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கிக் குழம்பு வைத்தால் எந்த டானிக்கும் அதற்கு ஈடாகாது. கருவாட்டையும் ஊறுகாயையும் பிரஷர்காரர்களுக்குக் குறையுங்கள், லித்தியக்காரர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பில் கைவைக்காதீர்கள். அப்புறம் டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் சண்டை வரும், வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்தால் யாருக்கும் தெரியாது.

பீடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்டால் பீடி, கேட்காவிட்டால் இல்லை என்று பீடியைப் பரிசாகக் கொடுக்கிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஆனால் பீடியை ஒரே நாளில் பிடுங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பீடிப் புகை குளோசபினையும் ஓலன்சபினையும் உடம்பில் சீக்கிரம் கரைத்துவிடும். பீடி நின்றவுடன் அதே டோஸ் ரத்தத்தில் ஏறிப்போகும். வேறு நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அங்கே பீடி கிடைக்காமல் சில நாளில் ஆள் தூங்கி வழிந்து, எச்சில் ஒழுகி, வலிப்புகூட வரலாம். பீடியை நிறுத்தப்போகிறோம், அல்லது நின்றுவிட்டது என்றால் மனநல மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டும்.

புரையேறுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையால் விழுங்கும் தசை மந்தமாகிறது, பல் இல்லை, தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பழைய பயத்தில் அவசரமாக வாயில் திணிக்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். உட்கார்ந்து, முதுகு நிமிர்ந்து, தாடை சற்றுக் கீழே இருக்கும்படி சாப்பிட வையுங்கள். நாம் அண்ணாந்து தண்ணீர் குடித்துப் பழகியவர்கள், சொம்பைத் தூக்கி ஊற்றிக்கொள்வதுதான் சுத்தம் என்று நினைப்போம். விழுங்கத் தடுமாறுபவருக்கு அது மூச்சுக்குழாய்க்கு நேராகத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். ஆளுக்கொரு டம்ளர் பெயர் எழுதி வைத்து, வாய்வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். மீனை முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள். முழு முட்டை, காய்ந்த ரொட்டி, அவித்த கிழங்கு இவை தொண்டையில் நிற்பவை, சின்னதாக நறுக்குங்கள். ஒருவருக்கு அடைத்துக்கொண்டு இருமவும் பேசவும் முடியவில்லை என்றால், குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வரவில்லை என்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே இரண்டு கையையும் கோத்து உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதை எழுத்தில் படித்தால் போதாது, சமையல் செய்பவர் உட்பட எல்லா ஊழியர்களும் ஒருமுறை செய்து பழக வேண்டும். அடிக்கடி புரையேறி, காய்ச்சலும் சளியும் வந்தால் நெஞ்சுக்குள் சாப்பாடு போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே பாருங்கள்.

சொறிக்கு ஒரே விதி, எல்லோருக்கும் ஒரே ராத்திரி. அரிப்பவருக்கு மட்டும் களிம்பு தடவினால் அடுத்த மாதம் மறுபடி வரும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், நகத்துக்கு அடியில் எல்லாம் தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். தங்கியிருப்பவர்கள் மட்டுமல்ல, ஊழியர்களும் சேர்ந்துதான். அன்றைக்கே எல்லாத் துணியையும் பாய் விரிப்பையும் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள், அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஏழு நாள் கழித்து மறுபடி ஒருமுறை. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், அதற்குப் பயந்து தினமும் தடவ வேண்டாம். வட்ட வட்டமாகப் படை வந்தால் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளைத் தொடாதீர்கள். அதில் இருக்கும் ஸ்டீராய்டு இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டுப் படையைப் பரப்பிவிடும்.

கால்களைக் குளிக்கும்போது பாருங்கள். பித்தவெடிப்பு, முள், கண்ணாடிக் கீறல், சுகர்காரருக்கு உணர்ச்சி இல்லாத பாதம். வயதான சிலருக்குக் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, மெலிந்து, பளபளவென்று ஒரு வளையம் இருக்கும். சங்கிலி கிடந்த இடம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்தது அப்படிக் கட்டப்பட்டிருந்ததால்தான். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95-ஆவது பிரிவில் சொல்கிறது. அந்த வளையத்துத் தோல் லேசில் கிழியும், ஆற நாளாகும். தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், இறுக்கமான கால்சட்டை நாடாவோ காலுறையோ அங்கே படக் கூடாது. குளிப்பாட்டும்போது அங்கே கை வைத்தால் சிலர் உதறுவார்கள். முன்னாலேயே சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

காய்ச்சலில் மூன்றை மட்டும் மறக்காதீர்கள். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்த வெள்ளை அணு பார்க்க வேண்டும், ஆரம்பித்து முதல் 18 வாரம் என்றால் இன்னும் கவனம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுத்துக் காசநோய்ப் பரிசோதனை, அது இலவசம். ஒரே கூடத்தில் முப்பது பேர் படுக்கிற இடத்தில் ஒருவருடைய இருமல் எல்லோருடையதும் ஆகிவிடும். மூன்றாவது, குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல், சிறுநீர்த் தொற்றாகவோ மலேரியாவாகவோ இருக்கலாம், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்கள் பகுதிக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள், மாதவிலக்குத் தேதி எழுதுவதற்கு. ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரையால் மாதவிலக்கு நிற்கலாம், மார்பில் பால் கசியலாம். அதை மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. ஆனால் மாத்திரையால்தான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மார்பில் கட்டி, நின்ற பிறகு மறுபடி ரத்தப்போக்கு இவற்றை இவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், துணி துவைக்கும் அக்காவுக்குத்தான் முதலில் தெரியும். அவரிடம் பேசுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவது பற்றி. பிரஷர், சுகர் மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் இல்லத்தைச் சேர்க்கச் சொல்லிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெரிய தொந்தரவு என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே யாரையாவது துணைக்கு அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள், அவரைத் தினமும் பார்க்கிறவர் போக வேண்டும். "மனநோயாளி, வயிறு வலி என்கிறார்" என்றால் ஒரு ஊசி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "நேற்று வரை தானாக நடந்து சாப்பிட்டவர், இன்று காலையிலிருந்து எழவில்லை, ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, குளோசபின் 300 எடுக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகமே மாறும். ஆளுக்கு ஒரு தாள், அதில் நோய்கள், எல்லா மாத்திரையும் அளவோடு, ஒவ்வாமை, கடைசி எடை, கடைசி ரத்தப் பரிசோதனை. போகும்போது அதைப் படமெடுத்து ஊழியர் போனிலும் வைத்துக்கொள்ளட்டும். ஆதார் இல்லை, சொந்தக்காரர் இல்லை என்று அவசர சிகிச்சையை மறுத்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். உடல்நோய் உள்ளவருக்குக் கிடைக்கிற அதே ஆம்புலன்சும் அவசர சிகிச்சையும் மனநோய் உள்ளவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது.

கடைசியாக அலமாரி. பாரசிட்டமால் 500 மில்லிகிராம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், டம்ளரில் கொஞ்சமாகக் கரைக்கக் கூடாது), மருத்துவர் எழுதிக்கொடுத்த மலமிளக்கி, பெர்மெத்ரின், காயம் கழுவ உப்பு நீர், கட்டுத்துணி, தெர்மாமீட்டர், பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் மெஷின், எடை மெஷின், நல்ல டார்ச். டைக்ளோபினாக்கும் ஐபுபுரூபனும் அந்த அலமாரியிலேயே இருக்க வேண்டாம், யாராவது அவசரத்தில் லித்தியக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம். மீந்துபோன ஆன்டிபயாட்டிக் எதுவும் வேண்டாம். "அடங்குவதற்கு" என்று யாரோ எப்போதோ வாங்கி வைத்த ஊசி மருந்து இருந்தால், அதை அடுத்த முறை மனநல மருத்துவர் வரும்போது அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.